வடக்குச் சுவருக்கு வரைந்த முகம்

யோசெப்பினுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று கொட்டாஞ்சேனையில் சொல்வார்கள். அது பிழை. மூக்கு நுனிக் கோபம் ஒரு தும்மலில் போய்விடும். யோசெப்பினுடையது அடிவயிற்றில் இருந்தது. ஐம்பத்தொன்பது வயதாகியும் அது அங்கிருந்து அசையவில்லை.

இறந்தவர்களின் முகங்களை எண்ணெய்ச் சாயத்தில் வரைவது அவள் தொழில். மருதானையில் ஷரீபின் கண்ணாடிக் கடைக்குப் பின்னால், மழை பெய்தால் ஒழுகும் ஒரு தகரக் கொட்டிலில் அவளுடைய மேசை இருந்தது. முகம் வரைவிக்க வருகிறவர்கள் முதலில் அழுவார்கள், பிறகு திருத்தம் சொல்லத் தொடங்குவார்கள். அப்பா இவ்வளவு கறுப்பில்லை, அம்மாவின் கழுத்தில் ஒரு பதக்கம் போட்டுவிடுங்கள், மாமாவின் கன்னத்துத் தழும்பு வேண்டாம் என்று ஆளுக்கொரு பட்டியல் கொண்டுவருவார்கள்.

"கறுப்பாயிருந்த மனுசனைக் கறுப்பாத்தானே புதைச்சனீங்கள்? படத்தில மட்டும் என்னத்துக்கு வெள்ளைக்காரனாக்க வேணும்?" என்று கேட்பாள் யோசெப்பின்.

ஷரீப் முன்கடையிலிருந்து எட்டிப் பார்ப்பான். "அக்கா, இப்பிடிப் பேசினா வாற ஆக்களெல்லாம் ஓடிருவாங்க" என்பான். ஆனால் ஒருவரும் ஓடியதில்லை. அவள் வரைந்த முகங்கள் அப்படி. தண்ணீரைப் போல மெல்லிய பூச்சு ஒன்று, அது காய இரண்டு நாள், அதன்மேல் இன்னொன்று என்று எட்டு ஒன்பது பூச்சுப் பூசுவாள். வெளிச்சம் அத்தனை பூச்சுக்குள்ளும் போய்த் திரும்பி வரும்போது செத்தவர் இப்போதுதான் வாயைத் திறக்கப் போகிறார் போலிருக்கும். முகம் ஒரே நாளில் வராது என்பது அவள் கட்சி.

இதைவிட அவளிடம் இன்னொரு கைவேலையும் இருந்தது. மெல்லிய பலகைக் கீலங்களைச் சேலைக் கொசுவம்போல மடிப்பு மடிப்பாக நிறுத்தி ஒட்டுவாள். ஒவ்வொரு மடிப்பின் இடப்பக்கத்திலும் ஒரு படம், வலப்பக்கத்தில் வேறொரு படம். இந்தப் பக்கம் நின்றால் இயேசுவின் திருஇருதயம், அந்தப் பக்கம் போனால் மாதா. நேரே நின்றால் இரண்டும் கலந்து கோடு கோடாக ஆடும். கொட்டாஞ்சேனையில் பாதி வீடுகளில் அவை தொங்கின. உருவம் வரைவது தங்கள் மார்க்கத்தில் கூடாது என்று ஷரீப் படங்களைக் கவிழ்த்து வைத்தே சட்டம் அடிப்பான். முப்பது வருடமாக அவளுடைய வேலைகளின் முதுகு மட்டுமே அவனுக்குத் தெரியும்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு மாசி மாதம் பொன்னம்பலம் அந்தக் கொட்டிலுக்கு வந்தார். அவர் யோசெப்பினின் தங்கை கொன்ஸ்ரன்ஸின் புருஷன். கொன்ஸ்ரன்ஸ் சீனி வியாதியில் இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. அவர் கையில் அவளுடைய படம் ஒன்று, கலியாணத்துக்கு அடுத்த வருடம் எடுத்தது.

"ஆட்டைத் திவசம் வருது அக்கா, ஒரு வருசம் முடியுது. வீட்டில மாட்ட ஒரு நல்ல படம் வேணும். நீங்கள்தான் வரைஞ்சு தரவேணும்" என்றார்.

யோசெப்பின் படத்தை வாங்கிப் பார்த்தாள். தங்கையின் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. படத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். கண் கலங்குவதற்குள் பொன்னம்பலம் அடுத்ததைச் சொல்லிவிட்டார்.

"பொட்டு மட்டும் வேண்டாம் அக்கா."

"என்ன?"

"பொலிஸ் மாதத்துக்கு ஒருக்கா வருது. ஆர் ஆர் இருக்கினம், எங்கையிருந்து வந்தவை எண்டு லிஸ்ற் பாக்க. கதவைத் துறந்தா முதல் தெரியிறது ஹோல்தான். பொட்டில்லாட்டி ஒரு கரைச்சலுமில்லை."

யோசெப்பின் தூரிகையை மேசையில் எறிந்தாள். அது உருண்டு போய் நிலத்தில் விழுந்தது.

"நீர் ஒரு ஆம்பிளையா? செத்தவளையும் விடமாட்டீரா?" என்று அவள் போட்ட சத்தத்தில் முன்கடையில் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்த ஷரீபின் கை நின்றது.

பொன்னம்பலம் தலையைக் குனிந்தபடி நின்றார். அவர் எப்போதும் அப்படித்தான் நிற்பார். அதைப் பார்த்தால் அவளுக்கு இன்னும் எரிச்சல் வரும்.

அவளுடைய கோபத்துக்குப் பதினான்கு வயது. கொன்ஸ்ரன்ஸ் கோட்டையில் கப்பல் கம்பனி ஒன்றில் தட்டெழுத்தாளராக இருந்தபோது அங்கே கிளாக்கராக இருந்த சைவரான பொன்னம்பலத்தை விரும்பி, கத்தோலிக்க வீட்டாரின் சொல்லைக் கேட்காமல் அறுபத்தைந்தில் கலியாணம் செய்தாள். வெள்ளவத்தைக்குப் போனாள், பொட்டு வைத்தாள். வைத்தது அவளுக்கு அழகாகவும் இருந்தது. கொட்டாஞ்சேனையில் கொஞ்சக் காலம் முணுமுணுப்பு இருந்தது. தாயின் செத்த வீட்டில் ஒரு சின்ன மனத்தாங்கல் வந்தது, பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. அப்படித்தான் யோசெப்பின் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எண்பத்து மூன்று ஆடி வந்தது. புருஷனும் பெண்சாதியும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். பம்பலப்பிட்டியில் பஸ்ஸை மறித்தார்கள். கீழே தடிகளோடு ஆட்கள் நின்றார்கள். பின்கதவால் ஏறி, தமிழர் யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் வந்து சேருவதற்குள் பொன்னம்பலம் தன் பெருவிரலில் எச்சிலைத் தொட்டு மனைவியின் பொட்டை அழித்துவிட்டார். இரண்டு பேரும் உயிரோடு தப்பினார்கள்.

நான்கு நாள் கழித்து அகதி முகாமாயிருந்த பள்ளிக்கூடமொன்றில், பாய்கூட இல்லாத சீமெந்துத் தரையில் இருந்துகொண்டு கொன்ஸ்ரன்ஸ் இதைத் தமக்கையிடம் சொன்னாள். "அவர் அழிச்சுப்போட்டார் அக்கா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அன்றைக்கே யோசெப்பின் பொன்னம்பலத்தைத் தன் மனதில் தூக்கில் போட்டுவிட்டாள். உயிரைக் காப்பாற்றினான் என்று ஊர் சொல்லட்டும். கேட்டுவிட்டு அழித்திருக்கலாம். அவளே அழிக்க விட்டிருக்கலாம். எச்சிலைத் தொட்டா அழிப்பான் ஒருவன்?

இப்போது படத்திலும் அழிக்கக் கேட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்.

"வரைஞ்சு தாறன், போம்" என்றாள் யோசெப்பின். அவர் நம்பாமல் பார்த்தார். "தாறன் எண்டு சொன்னன்தானே? சுவரை ஒருக்கா அளக்க வேணும். ஞாயிற்றுக்கிழமை வாறன்."

ஞாயிறு பூசை முடிந்து நாடாவோடு வெள்ளவத்தைக்குப் போனாள். கடற்கரைப் பக்க ஒழுங்கையில், இரண்டாம் மாடியில் வீடு. நீளமான ஹோல். ஒரு நுனியில் வாசற்கதவு, கிழக்கே. மறுநுனியில் கடலைப் பார்த்த யன்னல், மேற்கே. யன்னலோரம் ஒரு பிரம்புக் கதிரை. பொன்னம்பலம் பகல் முழுதும் அதில்தான் இருப்பார். தெற்குச் சுவரில் மணிக்கூடும் கலண்டரும் தொங்கின. வடக்குச் சுவர் துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக இருந்தது. படம் வேறெங்கே வரும்? யோசெப்பின் அளந்தாள். அவர் கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை. கோபக்காரர்கள் செய்கிற பிழை இதுதான், எல்லாம் தங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவளுடைய எண்ணம் இது. மடிப்பு மடிப்பாகப் பலகை நிறுத்தி, வாசல் பக்கம் பார்த்த முகத்தைப் பொட்டில்லாமல் வரைவது. பொலிஸ் பார்க்கட்டும், பொன்னம்பலம் கேட்டது கிடைக்கட்டும். யன்னல் பக்கம் பார்த்த முகத்தில் பொட்டு இருக்கும். பிரம்புக் கதிரையில் இருந்து நிமிர்ந்தால் அவர் அழித்த பொட்டு அவரையே பார்த்துக்கொண்டிருக்கும். பின்னேரமானால் கடற்பக்க வெய்யில் நேரே அதில் விழும். செத்துத் தானும் அதே சுவரில் படமாகும்வரை பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

மற்ற முகங்களுக்கு எட்டு ஒன்பது பூச்சு என்றால் கொன்ஸ்ரன்ஸின் முகத்துக்குப் பதினொன்று. பொட்டுக்குத் தனியாக இன்னும் ஐந்து. சிவப்பின்மேல் சிவப்பு, காயக் காயச் சிவப்பு. பற்களைக் கடித்துக்கொண்டு பூசினாள். பொட்டில்லாத பக்கத்தை வரையும்போதுதான் இரண்டு தடவை கை தவறியது. ஏனென்று அவள் யோசிக்கவில்லை, கண் மங்கிவிட்டது என்று நினைத்தாள்.

ஷரீப் வழக்கம்போலக் கவிழ்த்து வைத்துச் சட்டம் அடித்தான். அடித்து முடித்துத் தூக்கி நிறுத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனாலும் கொஞ்சம் பிந்திவிட்டது.

"அக்கா, நான் பாக்கல்ல. தூக்கி வெக்கக்குள்ள தெரிஞ்சிட்டு. ரெண்டு பேரா இரிக்காங்க?"

"ஒருத்திதான்" என்றாள் யோசெப்பின். "கொண்டுபோய்க் குடுத்திட்டு வா. நான் வரேல்லை."

திவசத்துக்கு ஒரு கிழமை முன்பே மூன்று சக்கர வண்டியில், பழைய சேலையில் சுற்றிப் படம் வெள்ளவத்தைக்குப் போனது.

திவசத்துக்கு யோசெப்பின் காலையில் போகவில்லை. ஐயரும் மந்திரமும் அவளுக்குப் பழக்கமில்லை. எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, பின்னேரம் நாலரைக்குப் போனாள். உண்மையைச் சொன்னால், வெய்யில் படத்தில் விழும் நேரத்தில் பொன்னம்பலத்தின் முகத்தைப் பார்க்கப் போனாள்.

கதவு திறந்திருந்தது. வாசலில் கால் வைத்ததும் அவள் நின்றுவிட்டாள். கொன்ஸ்ரன்ஸ் பொட்டோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் தெற்குச் சுவரில் இருந்தது. மணிக்கூட்டையும் கலண்டரையும் கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தார்கள்.

"ஏன் உதில மாட்டினனீர்?" என்று வாசலில் நின்றபடியே கத்தினாள். "நான் வடக்குச் சுவருக்கெல்லே வரைஞ்சனான்!"

பிரம்புக் கதிரையிலிருந்து பொன்னம்பலம் எழும்பினார். மெலிந்து போயிருந்தார்.

"செத்தவையின்ர படம் தெற்குச் சுவரிலதான் மாட்ட வேணும் எண்டு ஐயர் சொன்னவர். எங்கட முறை அதுதானே. உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சன்."

தெரியாது. முப்பது வருடம் தங்கை வாழ்ந்த வீட்டின் முறை அவளுக்குத் தெரியாது. கேட்டதுமில்லை. சுவர் மாறியதால் பக்கமும் மாறிவிட்டது. வாசலுக்குப் பொட்டு, உள்ளே வெறும் நெற்றி.

"அப்ப பொலிஸ்?"

"செவ்வாய்க்கிழமை வந்தவங்கள். அதில நிண்டுதான் லிஸ்ற் பாத்தவங்கள். பெரியவன் படத்தைப் பாத்து 'நோனா லஸ்ஸணாய்', வடிவான மனுசி எண்டு சொல்லிப்போட்டுப் போட்டான்." பொன்னம்பலம் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "தண்ணி பில் கொண்டு வாறவன், மீன்காரன், கீழ் வீட்டுப் பிள்ளையள், வாற எல்லாருக்கும் அவ பொட்டோட தெரியிறா. எனக்கு மட்டும்தான் இல்லை."

யோசெப்பினுக்கு ஒரு கணம் மனம் குளிர்ந்தது. நினைத்த தண்டனையைவிடப் பெரியது கிடைத்திருக்கிறது என்று பட்டது. அந்தச் சந்தோஷம் நல்லதில்லை என்று அவளுக்கே தெரிந்தது, ஆனாலும் அதை விட மனமில்லை.

"நீர் கேட்டதுதானே? பொட்டு வேண்டாமெண்டு நீர்தானே கேட்டனீர்?"

"ஓம். நான்தான்." அவர் படத்தைப் பார்க்காமல் சொன்னார். "பின்னேரமானா வாசலுக்கு வெளியில போய் நிக்கிறன் அக்கா, பொட்டோட பாக்க. முன்வீட்டார் விசரெண்டு நினைக்கினம்."

"அப்ப கழட்டி வடக்கில மாட்டும்! ஐயரென்ன, வந்தே பாக்கப் போறார்?" அவள் விறுவிறென்று போய்ச் சட்டத்தில் கை வைத்தாள்.

"விடுங்கோ."

அவர் அவளிடம் அப்படிப் பேசியதேயில்லை. அவள் கையை எடுத்துவிட்டாள்.

"விடுங்கோ அக்கா. நான் அழிச்சதை நான் பாக்கிறன். அது சரிதான். ஆனா நீங்களும் ஒருக்கா இஞ்ச வாங்கோ. வந்து இதில இருந்து பாருங்கோ."

போகக் கூடாது என்று நினைத்தாள். கால்கள் போயின. பிரம்புக் கதிரையில் இருந்து நிமிர்ந்தாள். கடல் வெய்யில் ஹோலின் நீளத்துக்கும் வந்து படத்தின் மடிப்புகளில் விழுந்திருந்தது. பதினொரு பூச்சுக்குள்ளும் வெளிச்சம் போய் வந்தது. அவள் வரைந்ததிலேயே இதுதான் நல்ல முகம். நெற்றி துடைத்து வெறுமையாக, கொஞ்சம் ஈரம்போல மினுங்கிக்கொண்டிருந்தது.

"அந்த பஸ்ஸால வந்த பிறகு அவ எனக்கு ஒரு வார்த்தை ஏசேல்லை" என்றார் பொன்னம்பலம். "நான்தான் பொறுக்கேலாமல், ஏசு, அடி, என்னவாலும் சொல்லு எண்டு கேட்டன். அவ என்ன சொன்னவ தெரியுமே? 'அக்கா அழிச்சதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. அதால உங்களுக்கும் ஒண்டும் சொல்ல மாட்டன்' எண்டவ."

யோசெப்பின் படத்தின் வெறும் நெற்றியைத் திரும்பப் பார்த்தாள்.

அறுபத்தெட்டாம் ஆண்டு, தாயின் அடக்கம். பெட்டி மாதா கோயிலுக்குள் போய்விட்டது. கொன்ஸ்ரன்ஸ் பஸ் கிடைக்காமல் பிந்தி, வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தாள். நெற்றியில் பொட்டு. சனம் திரும்பிப் பார்த்தது. யோசெப்பின் வாசலிலேயே அவளை மறித்தாள். "இதோட உள்ளுக்கு வராத, அம்மாவைப் பழிவாங்காத" என்றாள். கைலேஞ்சியைத் தீர்த்தத் தொட்டியில் நனைத்து, எல்லாரும் பார்க்கத் தங்கையின் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். லேஞ்சி சிவந்தது. கொன்ஸ்ரன்ஸ் அழவில்லை. ஈரம் மினுங்கும் நெற்றியோடு பெட்டியருகே போய் முழங்காலில் நின்றாள். சின்ன மனத்தாங்கல் என்று யோசெப்பின் பெயர் வைத்திருந்தது இதற்குத்தான்.

எச்சிலைத் தொட்டா அழிப்பான் ஒருவன் என்று பதினான்கு வருடம் கேட்டவள் தீர்த்தத்தைத் தொட்டு அழித்தவள். அவனுக்காவது கீழே தடியோடு ஆட்கள் நின்றார்கள். இவளுக்கு யார் நின்றார்கள்? நாலு மாமிமார். யோசெப்பினுக்குத் தன்மேல் வந்த கோபம் இதுவரை யார்மேலும் வராத கோபம். கதிரையின் கையை ஊன்றி எழும்பினாள்.

"அவவின்ர குங்குமச் சிமிழ் கிடக்கா?" என்று கேட்டாள்.

பொன்னம்பலம் கொண்டுவந்தார். வசலின் போத்தலையும் கேட்டு வாங்கினாள், கொன்ஸ்ரன்ஸ் வசலினைத் தொட்டுத்தான் பொட்டு வைப்பாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, மடிப்புகளின் வெறும் பக்கத்தில், நெற்றி வரும் மூன்று மடிப்பில், விரலால் ஒவ்வொன்றாக வைத்தாள். முதல் தடவை பொடி உதிர்ந்து சட்டத்தில் கொட்டியது. திரும்ப வைத்தாள். இறங்கிப் போய்க் கதிரையருகே நின்று பார்த்தாள். கோணலாகத்தான் இருந்தது. ஆனால் இருந்தது.

"சாயம் கொண்டுவந்து ஒழுங்கா வைக்கேலாதே அக்கா?" என்று கேட்டார் பொன்னம்பலம். அவர் கன்னம் நனைந்திருந்தது.

"ஏலும். வைக்க மாட்டன்." அவள் குரல் பழையபடி ஏறியது. "இது உதிரும். உதிர உதிர ஒவ்வொரு நாளும் நீர்தான் வைக்க வேணும். ஞாயிற்றுக்கிழமை நான் வந்து வைப்பன். அழிச்ச ரெண்டு பேரும் வைப்பம். விளங்குதே?"

"ஓம் அக்கா."

அவள் வீடு திரும்பும்போது கொள்ளுப்பிட்டிக்கு இப்பால் செக்பொயின்ற்றில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். யோசெப்பின் வழக்கமாக இந்த இடத்தில் பயப்படுவதில்லை. வெறும் நெற்றி, கழுத்தில் சிலுவை, வாயில் சரளமான சிங்களம். அவளைச் சிங்கள நோனா என்றே நினைத்து அடையாள அட்டையைக்கூடக் கேட்காமல் விட்டுவிடுவார்கள். அவளும் ஒருநாளும் திருத்தியதில்லை.

சின்ன வயதுச் சிப்பாய் ஒருவன் அவளை ஏறச் சொல்லிக் கையைக் காட்டினான். பிறகு அவளுடைய வலது கையைப் பார்த்தான். விரல்கள் மூன்றும் சிவப்பாக இருந்தன.

"மே மொகக்த அத்தே?" என்று கேட்டான். கையில் இது என்ன என்று.

கைப்பையில் லேஞ்சி இருந்தது. சாயம் என்று சொல்லியிருக்கலாம், அவள் சாயக்காரிதானே. யோசெப்பின் விரல்களை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மகே நங்கிகே பொட்டுவ" என்றாள். என் தங்கையின் பொட்டு. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி உரத்துத்தான் சொன்னாள்.

அவன் கை நீட்டி அடையாள அட்டையைக் கேட்டான். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அட்டையோடு காவலரணுக்குள் போனான். மற்ற எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். கொண்டக்டர் இரண்டு தடவை அவளைப் பார்த்துவிட்டு மணியை அடித்தான், பஸ் போய்விட்டது. யோசெப்பின் விரல்களைத் துடைக்காமல் அங்கேயே நின்றாள்.